பார்த்தும் காணாத கண்

கண்ணால் காண்பதும் பொய் என்பது பழமொழி. கண்ணெதிரே நடப்பதைக் காணாமலே போவதும் உண்டு என்பதை அப்பழமொழி சொல்லவில்லை. அது தெரியாமற் போனால் யோக்கியனும் பொய்யனாகிவிடக்கூடும்.

1995-ம் வருஷம் ஜனவரி மாதம் ஓர் இரவு. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் கெனத் கான்லி என்னும் போலீஸ்காரர், சந்தேகத்துக்குரிய ஒருவனைத் துரத்தி ஓடினார். அவன் வேலியேறிக் குதித்தான்; இவரும் குதித்தார்; பிடித்தும் விட்டார். அதே வேலியண்டை, சாதாரண உடையிலிருந்த வேறொரு போலீஸ்காரரைக் குற்றவாளியென்று தவறாக எண்ணி, சகாக்களே நையப் புடைத்துக்கொண்டிருந்தனர். கான்லியோ அடிதடி எதையும் தாம் காணவில்லை என்று சத்தியம் செய்தார். ஜூரிகள் நம்பவில்லை. 1998-ல் பொய்ச் சாட்சியென்று தீர்ப்பாகி, 34 மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. சர்க்கார் தரப்பு ஒரு தஸ்தாவேஜைக் காட்டாமல் விட்டது என்ற காரணத்தால் பிற்பாடு அத்தீர்ப்பு ரத்தாயிற்று. அவர் பார்த்தாரா, இல்லையா? அக்கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது.

சாப்ரிஸ், ஸைமன்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர்கள் இதை விடவில்லை. பந்து வீசும் எண்ணிக்கையில் கருத்தாயிருப்போரில் ஏறக்குறையப் பாதிப்பேர், நடுவே மனிதக் குரங்கு வேஷத்தில் நடந்துபோன பெண்ணைக் காண்பதில்லை என்று 1999-ல் காட்டியவர்கள் இவர்களே. 2011-ல் வெளியான பரீக்ஷையில், முன்னே ஓடுபவன் தன் தலையை எத்தனை தடவை தொடுகிறான் என்று எண்ணிக்கொண்டே பின்தொடரும்படி மாணவர்களை ஓடச்செய்தார்கள். வழியோரத்தில் இருவர் ஒருவனை அடிப்பதுபோல் நடித்தனர். இரவில் ஓடியவர்களில் நூற்றுக்கு 35 பேரே அதைக் கண்டனர். இருட்டுதான் காரணம் என்பீர்களோ? பட்டப்பகலிலும் நூற்றுக்கு 56 பேர்தான்! ("கண் எங்கே போயிற்று?" என்று பிள்ளைகளை அதட்டும் நம் உபாத்தியாய வர்க்கத்துக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.)

கான்லி சொன்னது மெய்யென்று இதனால் ருசுவாகிவிடாது. ஆனால், பக்கத்திலிருந்தவன் பார்த்தேயிருக்க வேண்டும் என்னும் வாதம் இனி நில்லாது என்பதே நம் அபிப்பிராயம்.

பழகிய கண்ணுக்கும் விலக்கில்லை. 2013-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நுரையீரல் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 எக்ஸ்ரே நிபுணர்களிடம் சொல்லி, ஒரு படத்தில் மனிதக் குரங்கின் உருவத்தைச் சேர்த்துவைத்தார்கள். சாதாரணக் கட்டியைப்போல் அது 48 மடங்கு பெரியது. 20 பேர் காணவில்லை. அவர்களிற் பெரும்பாலோரின் பார்வை அக்குரங்கின்மேலேயே பட்டதென்று, விழியசைவை அளக்கும் கருவி பதிவு செய்திருந்தது.