பிறப்பிற் பழுதுற்ற சிசுவும் நஷ்டஈடும்

பிரசவத்தின்போது மூச்சுத் தடையுண்டு மூளை பழுதுற்ற சிசுவின் பெற்றோர், நஷ்டஈடு பெற வேண்டின் இன்று நம் நாட்டிற் செய்யவேண்டுவது யாது? மருத்துவரோ செவிலியரோ பிழை செய்தனர் என்று நியாயஸ்தலத்தில் நிரூபித்தல் வேண்டும். ராஜகுளம் போன்ற சிற்றூரில் நாற்று நட்டுக் கூலி பெறும் தாயொருத்தி, பிரசவ அறையில் நிகழ்ந்ததை எங்ஙனம் நிரூபிப்பாள்? அவளோ வேதனையிற் கிடந்தாள். கணவன் கதவுக்கு வெளியே நின்றான். குறிப்பேடுகள் எதிர்க்கட்சியார் கையில் உள்ளன.

வழக்கில் வென்றோர் நிலையையும் சற்று நோக்குவோம். 1996-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையிற் குறைமாதத்திற் பிறந்த சிசுவொன்று, உரிய காலத்திற் கண் பரிசோதனை செய்யப்படாமையாற் பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் விதித்தது. அது போதாதென்று கண்ட உச்சநீதிமன்றம், ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் அளிக்குமாறு 2015 ஜூலையில் தீர்ப்புக் கூறிற்று. அதற்குள் அச்சிசு வாக்குரிமை பெறும் வயதை எய்திவிட்டது! பாலும் மருந்தும் வாங்கவேண்டிய காலமெல்லாம் பெற்றோர் வழக்காடியே கழித்தனர். அவர்களைப்போல் உச்சநீதிமன்றம் வரை செல்லும் ஆற்றல் எத்தனை குடும்பங்கட்கு உண்டு?

பிழையைத் தேடாது நஷ்டஈடு வழங்குதல் நமக்குப் புதிதன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் அவ்விதி 1982-ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. இன்று உத்திரமேரூர்ச் சாலையில் வண்டி மோதி ஒருவர் இறப்பின், ஓட்டியின் குற்றத்தை நாட்டாமலே அவர்தம் குடும்பத்தார் 5 லட்சம் ரூபாய் கோரலாம். சாலையிற் செல்லும் இந்நியாயம் பிரசவ அறையின் வாயிலில் நின்றுவிடுவானேன்?

ஜப்பான் தேசத்தார் அதனை உள்ளே அழைத்துக்கொண்டனர். 2009-ஆம் ஆண்டு முதல், பிரசவத்தோடு தொடர்புற்ற கடும் மூளை முடக்குவாதமுடைய குழந்தைக்கு, எவர் பிழை என்று வினவாமலே மொத்தம் 3 கோடி யென் அளித்துவருகின்றனர். முதலில் 60 லட்சம். எஞ்சியது ஆண்டுக்கு 12 லட்சமாக 20 ஆண்டுகள். பிரசவம் ஒவ்வொன்றிற்கும் மருத்துவமனைகள் செலுத்தும் சிறு கட்டணத்தால் அந்நிதி திரள்கிறது.

இங்ஙனம் கொடுப்பின் மருத்துவர் அசட்டையாவர் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஜப்பானிற் பணம் கொடுத்ததோடு விடுவதில்லை. நிகழ்ந்ததன் காரணத்தை வல்லுநர் ஆராய்ந்து, அறிக்கையைப் பெற்றோர்க்கும் மருத்துவமனைக்கும் அனுப்புகின்றனர். வழக்குக்கு அஞ்சி யாவரும் வாய்மூடியிருக்கும் நம் முறையிலன்றோ உண்மை மறைகிறது? மெய்யாகவே கடமை தவறியவரைத் தண்டிக்க மருத்துவக் கவுன்சில் தனியே இருக்கின்றது.

நம் மாகாணத்திற் கருவுற்ற பெண்களின் பெயரைக் கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்துகொள்கின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேற்று உதவியும் அப்பதிவைக் கொண்டே தாய்மாரைச் சென்றடைகிறது. ஆதலின் புதிதாய் ஓர் இலாகா வேண்டுவதில்லை. முதற்கண் அரசு மருத்துவமனைகளிலேனும் இந்நிதியைத் தொடங்கலாம். தொகையை ஒருசேரக் கொடாது மாதந்தோறும் கொடுத்தல் நன்று. ஒருசேரக் கொடுப்பது கடன்காரர் கைக்கே போய்ச் சேரும்.