அப் ஆரோ கீயை மட்டும் நம்பலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கட்டளை கொடுக்கும் விண்டோவைத் திறப்பார்கள். அப் ஆரோ கீயை டக் டக்கென்று தட்டுவார்கள். போன தடவை டைப் செய்த கட்டளை வந்ததும் என்டர்! இதனால் நேரம் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி தேவைப்படும் கட்டளையைச் சேமித்து வைக்க இது சரியான வழி அல்ல என்பது என் கருத்து.

முதலில், அந்தப் பழைய கட்டளைகள் எங்கே இருக்கின்றன? விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் அந்த விண்டோவை மூடும் வரைதான் அவற்றை நினைவில் வைத்திருக்கும். பவர்ஷெல் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்கிறது. லினக்ஸில் உள்ள பாஷும் அப்படித்தான். வழக்கமாக 500 அல்லது 1000 கட்டளைகள் வரை வைத்துக்கொண்டு பழையவற்றைக் கழித்துவிடும். இந்த இரண்டிலும் கன்ட்ரோல் கீயுடன் ஆர் கீயை அழுத்தி ஓரிரு எழுத்துகளை டைப் செய்தால், பழைய கட்டளை தேடி வரும். (கட்டளையோடு பாஸ்வேர்டையும் சேர்த்து டைப் செய்தால் அதுவும் அந்தப் பைலில் உட்கார்ந்துவிடலாம், ஜாக்கிரதை!)

ஆனால் வருவது கட்டளை மட்டுமே. எதற்காக, எந்த டிரைவுக்காக அதை எழுதினோம் என்பது வராது. ஆபத்து அங்கேதான்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கலாம். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் எங்கள் ஸ்டேஷனிலேயே நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மேசைக்கு அடியில் இருக்கும் சிபியுதானே முதலில் நனையும்? கல்யாண போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வாராவாரம் காப்பி எடுப்பது எங்கள் ஊரில் ஆடம்பரம் அல்ல.

இதற்கு விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற நல்ல கட்டளை இருக்கிறது. அதோடு 'மிர்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே டிஸ்க்கிலும் ஆக்கிவிடும். அப்படியே என்றால், கம்ப்யூட்டரில் இல்லாதது டிஸ்க்கில் இருந்தால் அழித்தும்விடும். போன வாரம் உங்கள் டிஸ்க் இ டிரைவாக இருந்தது. இன்று தங்கையின் பென் டிரைவை முதலில் செருகியதால் அது இ ஆகிவிட்டது. நேராக இ டிரைவுக்கே காப்பி எடுக்கும் கட்டளையை அப் ஆரோவில் எடுத்து என்டர் தட்டினால், தங்கையின் ப்ராஜெக்ட் பைல்கள் காலி. ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது. லினக்ஸில் ஆர்சிங்க் கட்டளையோடு டெலீட் ஆப்ஷனைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

எனவே இத்தகைய கட்டளையை நோட்பேடில் எழுதி, பேட் என்ற எக்ஸ்டென்ஷன் கொடுத்து, 'போட்டோ காப்பி' போல ஒரு பெயரில் சேமியுங்கள். முதல் வரியில் 'ரெம்' போட்டு, எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எழுதுங்கள். கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது; ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் உங்களுக்குத்தான் அது. டிஸ்க்கில் காப்பிக்கென்று தனி போல்டர் வையுங்கள். போல்டருக்கு வெளியே அடையாளமாக ஒரு சின்ன டெக்ஸ்ட் பைல் இருக்கட்டும். 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்' வரி ஒன்றைச் சேர்த்தால், அந்தப் பைல் இல்லாத டிரைவில் வேலை தொடங்காமல் நின்றுவிடும். முதல் தடவை ஓட்டும்போது 'எல்' ஆப்ஷனையும் சேருங்கள். எதையும் தொடாமல், செய்யப்போவதைப் பட்டியலாக மட்டும் காட்டும்.

லினக்ஸ்காரர்கள் அலியாஸ் என்று குறும்பெயர் வைப்பார்கள். பைல்களைப் பட்டியலிடுவது போன்ற சாதுவான கட்டளைகளுக்கு அது போதும். அழிக்கும் கட்டளைக்கு இரண்டெழுத்துப் பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேட்ச் பைலின் ஒரு காப்பியை, அந்த அடையாளப் பைலுக்குப் பக்கத்திலேயே டிஸ்க்கில் போட்டு வையுங்கள். சிபியு நனைந்தால் அதிலிருக்கும் பேட்ச் பைலும் சேர்ந்துதானே போகும்!