விலகி நிற்கும் உரிமை யாருக்கு?

"பிடித்ததைச் செய்; பிடிக்காத வேலையைத் தூக்கி எறி" என்னும் உபதேசம் இப்பொழுது நாள்தோறும் நமக்குப் பரிமாறப்படுகிறது. பெருஞ்சம்பளம் தந்த கணினி வேலையை உதறிவிட்டு இயற்கை வேளாண்மைக்குப் போன இளைஞர், வங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டுப் புகைப்படக் கருவியோடு ஊர் சுற்றும் பெண் என்று கதைகள் வந்தவண்ணம் உள்ளன. இவற்றைச் சொல்வதற்கென்றே மேடைகள் இருக்கின்றன. மேடைகளில் பேசுவதற்கென்றே தொழில்முறைப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. கட்டணம் செலுத்திக் கேட்டவர் மறுநாட் காலை அதே வண்டியைப் பிடித்து அதே வேலைக்குத்தான் போகிறார். பேச்சாளருக்கு மட்டும் அடுத்த மேடை காத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரே நம் வீடுகளின் பழைய உபதேசம் ஒன்று நிற்கிறது. "கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிடாதே. ஓய்வூதியம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிரு. மற்றதெல்லாம் பிறகு." பத்திரிகை அலுவலகங்களில் பல்லாண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் என்ற முறையில், இந்த இரண்டாவது உபதேசம் மனிதரை என்ன செய்யும் என்பதை அருகிருந்து கண்டிருக்கிறேன். நல்ல வரலாற்று நூல்களை எழுதியிருக்க வேண்டியவர்கள், பிறர் எழுதியவற்றுக்கு மெய்ப்புத் திருத்தியே கண்பார்வையை இழந்தார்கள். அவர்கள் சொன்ன அந்தப் "பிறகு" வரவேயில்லை.

இவ்விரண்டு உபதேசங்களும் பிழையானவை என்பதே என் வாதம். முதலாவது, விலகி நிற்பதைத் தனி மனிதத் துணிச்சலாகச் சுருக்கி விற்கிறது. இரண்டாவது, விலகி நிற்பதையே ஒழுக்கக் கேடாகக் கருதுகிறது. வழக்கமான வேலையிலிருந்து சிறிது காலம் விலகி, மனம் நாடும் ஒன்றில் முழுமையாக ஈடுபட்டு, புதிய மனிதராகத் திரும்பி வருவது ஒரு தேவை. அத்தேவையை நிறைவேற்றிக் கொடுக்கும் பொறுப்பு ஒரு சமூகத்துக்கு உண்டு. இதை இரு தரப்பாருமே பேசுவதில்லை.

பேச்சைத் தரைக்குக் கொண்டுவருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் சப்த தீவுகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்று எழுவைதீவு. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறிப் போகவேண்டும். பனையும் மணலும் சில நூறு மக்களும் உள்ள ஊர். காலைப்பொழுதுக்குள் நடந்தே சுற்றி வந்துவிடலாம். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினார்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. எழுவைதீவு ஹோர்ன் ஆயிற்று. அவர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தை நம் மணலின்மீது எழுதிவிட்டுப் போனார்கள்.

இன்று விடுமுறைக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகிற நம்மவர் சிலர் செய்வதும் ஏறக்குறைய அதுவே. இரண்டு நாள் தங்குகிறார்கள். கடற்காற்றை வாங்குகிறார்கள். "இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது, இவர்களுக்கு என்ன கவலை?" என்கிறார்கள். அங்கே கவலை உண்டு. இரவில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்தால் படகு வேண்டும். படகோட வானிலை வேண்டும். கோடையில் குடிநீர் வேண்டும். உயர்வகுப்புப் படிக்கப் பிள்ளை ஊரை விட்டே போகவேண்டும். காற்றையும் சூரிய ஒளியையும் டீசலையும் இணைத்து மின்சாரம் தரும் தொகுதி ஒன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அங்கே அமைக்கப்பட்டதே பெரும் ஆறுதல். வந்து போகிறவருக்குக் காற்றாலை அழகிய பின்னணி. அங்குள்ளவருக்கு அது இரவில் பிள்ளை படிப்பதற்கான விளக்கு.

தீவகத்தாருக்கு "வழக்கத்தை உடைத்து வெளியே வா" என்று போதிப்பதில் உள்ள கொடுமையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகத்தின் பெரும்பகுதி ஆளரவமற்றுப் போனது. விடிந்தால் பள்ளிக்கூட மணி, பொழுது சாய்ந்தால் கோயில் மணி என்றிருந்த வாழ்வு ஒரே நாளில் அறுந்தது. வழக்கம் என்பது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட செல்வம். அகதியாகப் போய் ஐரோப்பிய உணவகம் ஒன்றின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவி, இரண்டாவது வேலையாக அதிகாலையில் பத்திரிகை விநியோகித்து, அந்தச் செல்வத்தை மீண்டும் ஈட்டிய தலைமுறை "வேலையை விடாதே" என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்ய எவருக்கும் தகுதியில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால், காரணத்தோடு பிறந்த அச்சம் காரணம் நீங்கிய பின்னரும் சீதனம் போலத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவது நல்லதன்று. 50 வயதில் வயலின் கற்கப் போகும் தாயைப் பார்த்து "இந்த வயதில் என்ன இது?" என்று கேட்கும் பிள்ளைகளை நம்மிடையே காண்கிறோம். ஓராண்டு வேலையிலிருந்து விலகித் தன் ஊரின் வரலாற்றை எழுதப் போகிறேன் என்று சொன்னவருக்கு, "மூளை பிசகிவிட்டது" என்ற பட்டம் உறவினர் வீட்டுக் கலியாணப் பந்தலிலேயே வழங்கப்படுகிறது.

இத்தனைக்கும், விலகி நிற்பது நமக்கு அந்நியமான பழக்கமுமன்று. கடற்றொழிலாளரைப் பாருங்கள். வாடை மூர்க்கங்கொண்ட நாளிலும் சோழகம் கடுமையாக வீசும் நாளிலும் வள்ளம் கரையில்தான் கிடக்கும். அந்நாள்களில் வலை பழுதுபார்க்கப்படும். பழைய கதைகள் பேசப்படும். சிறுவன் முடிச்சுப் போடக் கற்பான். வடபகுதிக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் ஓய்வெடுத்தால் அவனுக்கு நட்டம். ஊரே ஓய்வெடுத்தால் எவருக்கும் நட்டமில்லை. மேடைப் பேச்சாளர் எவரும் கற்றுத்தராத இந்தப் பொருளியலைக் கரையோரச் சிற்றூர்கள் எழுதப்படாத சட்டமாக நடத்தி வருகின்றன. நிலத்தைத் தரிசாகப் போட்டு அடுத்த போகத்துக்கு வலுவேற்றும் உழவனுக்கும் இது தெரியும்.

தீவகம் பெற்ற ஒரு பெருமகனின் வாழ்க்கை இவ்வாதத்துக்கு வலுவான சான்று. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், உரோமாபுரியில் இறையியல் கற்று 1938இல் குருவானவர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியப் பணி. மதிப்பும் பாதுகாப்பும் நிறைந்த வாழ்க்கை. சாகும்வரை அப்படியே கழித்திருக்கலாம். பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த தமக்குத் தம் தாய்மொழியின் இலக்கியம் சரிவரத் தெரியாது என்பது அங்கேதான் அவரை உறுத்தியது. பண்டிதர் ஒருவரிடம் பாடங்கேட்டார். அது போதவில்லை. 30 வயதைக் கடந்த பின், 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார்.

அந்த விலகலின் விளைச்சல் என்ன? 1952இல் "தமிழ்க் கல்ச்சர்" என்ற ஆங்கில ஆய்விதழ் அவர் முயற்சியால் தொடங்கியது. ஐரோப்பிய நூலகங்களில் தேடி, அந்தாவ் த புரொவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதற்கு முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது மாநாடு கூடியது. தொடர்ந்து 1968இல் சென்னையும், 1970இல் பாரிசும், 1974இல் யாழ்ப்பாணமும் அம்மாநாட்டைக் கண்டன. வடக்கன்குளத்து ஆசிரியர் தம் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால் இவற்றுள் எத்தனை நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் "ஆறுதல்" தேடிப் போகவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கி, அதைவிடக் கடினமான மாணவர் வாங்கில் அமர்ந்தார். புத்துணர்ச்சி என்பதைக் கடற்கரை நாற்காலியோடும் இளநீரோடும் சேர்த்தே எண்ணிப் பழகிவிட்ட நமக்கு இது விளங்குவது கடினம். உழைப்பை நிறுத்துவதால் வரும் இளைப்பாறல் ஒரு கிழமையில் சலித்துவிடும். வேறோர் உழைப்பில் தன்னை இழப்பதால் வரும் புதுமையே ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். "அவர் துறவி. மனைவி இல்லை, மக்கள் இல்லை, வீட்டுக்கடன் இல்லை. அவருக்குச் சோறு போடத் திருச்சபை இருந்தது. எனக்கு யார் இருக்கிறார்கள்?" மிகச் சரியான கேள்வி. நான் சொல்ல வருவதும் இதைத்தான். தனிநாயகம் அடிகளின் அறிவும் ஊக்கமும் அவருடையவை. அவற்றைச் செலவிடும் காலத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு நிறுவனம். பின்னே ஒரு கை தாங்கியிராவிட்டால் அவரது துணிச்சலும் அரைவழியில் நின்றிருக்கக்கூடும்.

தாங்கும் கை இல்லாதவர் படும்பாட்டுக்கும் தீவகத்திலேயே சான்றுண்டு. புங்குடுதீவின் மு. தளையசிங்கம் ஆசிரியத் தொழிலைச் செய்துகொண்டே சிறுகதையும் திறனாய்வும் மெய்யியலும் எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர் உரிமைக்காகப் போராடிக் காவல் துறையினரின் தாக்குதலுக்கும் ஆளானார். 1973இல், 40 வயதை எட்டுமுன்னரே மறைந்தார். இரண்டு மூன்று ஆயுளுக்குரிய வேலையை ஓர் அரை ஆயுளின் மாலைப் பொழுதுகளில் செய்து முடிக்க அவர் முயன்றார். அவருடைய எழுத்தைப் புகழ்கிறவர்கள், அதற்கான நேரத்தை இச்சமூகம் அவருக்குக் கொடுத்ததா என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது, நிருவாகம் குலைந்துவிடும்" என்பார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1880இலேயே பேராசிரியருக்கு ஏழாண்டுக்கொரு முறை விடுப்பு என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கும் அந்த உரிமை உண்டு. எவரும் அதனால் குடிமுழுகிப் போனதாகச் சொல்லவில்லை. ஆனால் விரிவுரையாளருக்குத் தேவைப்படும் புதுப்பித்தல், நாள்தோறும் படகேறித் தீவுப் பள்ளிக்குப் போய்வரும் ஆசிரியைக்கு வேண்டாமா? தாதிக்கு, கிராம அலுவலருக்கு வேண்டாமா? ஆசிரியருக்குப் படிப்பு விடுமுறை இல்லாமலில்லை. அது சான்றிதழோடும் பதவியுயர்வோடும் கட்டிவைக்கப்பட்டது. மனம் நாடியதைக் கற்பதற்கு அதில் இடமில்லை.

முடியாது என்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த ஜூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை வேலைக்கு வராமல் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு அமைச்சரவையே அனுமதி கொடுத்தது. அதே மாதத்தில், ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம், பதவி மூப்புக் குறையாது என்று சுற்றறிக்கையும் வந்தது. கஜானா வெறுமையானபோது ஒரே மாதத்தில் திறந்த கதவு, மனிதன் வெறுமையாகும்போது மட்டும் ஏன் திறக்க மறுக்கிறது? டொலர் ஈட்டப் போகலாம். தன்னை மீட்கப் போகக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் தீவகத்து ஊர்ச் சங்கங்கள் ஏராளம். கோயில் கட்ட, கோபுரத்துக்கு வர்ணம் பூச, மதில் எழுப்ப அவர்களால் பணம் சேர்க்க முடிகிறது. அவற்றைக் குறை கூறவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருவரை, ஒரே ஒருவரை, பன்னிரண்டு மாதம் வேறு கவலையின்றித் தாங்கிப் பாருங்கள். எழுவைதீவுக் கரையில் வழங்கும் காற்றின் பெயர்களையும் மீனின் பெயர்களையும் வலையின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க ஓர் ஆசிரியைக்கு ஓராண்டு போதும். படகு கட்டும் நுட்பத்தை ஓர் இளைஞன் கற்றுவர ஓராண்டு போதும். அதற்காகும் செலவைத் திருவிழா இரவொன்றின் வாணவேடிக்கைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சங்கப் பொருளாளர்களை வேண்டுகிறேன்.

குடும்பங்களுக்கும் இதில் கடமையுண்டு. மனைவி ஓராண்டு படிக்க விரும்பினால் அந்த ஓராண்டுச் சமையற்கட்டைக் கணவன் ஏற்கவேண்டும். தந்தை வேலையிலிருந்து விலகி எழுத விரும்பினால், சம்பாதிக்கும் பிள்ளை அந்த ஓராண்டு வாடகையை ஏற்கவேண்டும். பிள்ளையைப் படிக்க வைக்க நகையை அடகு வைக்கத் தெரிந்த நமக்கு, பெற்றவரைப் படிக்க வைக்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

"துணிந்து வெளியே வா" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கூவுகிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "வந்தால், அந்த ஓராண்டு என் வீட்டில் அடுப்பு எரிய என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" அதற்கு அவர்களிடம் விடை இராது. அந்த விடையைக் குடும்பமும் ஊரும் சங்கமும் சேர்ந்து உண்டாக்கவேண்டும். உண்டாக்கும்வரை, நம்மிடையே பிறக்கும் அடுத்த தனிநாயகம் ஏதோ ஒரு பள்ளிக்கூட நாற்காலியிலோ ஏதோ ஒரு நகரத்துக் கிட்டங்கியிலோ தம் ஓய்வூதிய நாளை எண்ணிக்கொண்டிருப்பார். நாமும் அவரை அறியமாட்டோம்.