முதலாம் வருடத்தில் கைவிடப்படும் கணிதம்

பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களுக்குப் புதிய மாணவர்கள் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், வெளியில் அதிகம் பேசப்படாத தீர்மானமொன்று அவசர அவசரமாக எடுக்கப்படுகின்றது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்பது பற்றி இசட் புள்ளி வெளியான நாளிலிருந்தே வீடுகளில் ஓயாது ஆராயப்படுகின்றது. ஆனால், பீடத்தினுள் காலடி வைத்த பின்னர் முதலாம் வருடத்தில் எந்தெந்தப் பாடங்களைக் கற்பது என்ற கேள்விக்கு, பதிவுக்கென ஒதுக்கப்பட்ட சில நாட்களுக்குள், விடுதியில் அறிமுகமான சிரேஷ்ட மாணவர் ஒருவரின் வார்த்தையை நம்பி விடை காணப்படுகின்றது. இந்த அவசரத்தில் பெரும்பாலும் பலியாவது கணிதமே.

உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைக் கற்று பௌதிக விஞ்ஞானப் பிரிவுக்குத் தெரிவாகும் மாணவர் ஒருவர், தூய கணிதம், பிரயோக கணிதம், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், பௌதிகவியல், இரசாயனவியல் போன்றவற்றுள் சிலவற்றைத் தமது பாடங்களாகத் தெரிவு செய்ய வேண்டியுள்ளது. மூன்று வருடப் பொதுப் பட்டத்துடன் வெளியேறுவதா, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குச் செல்வதா என்பதை ஆரம்ப வருடங்களின் பெறுபேறுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன. எனவே, தரப்புள்ளிச் சராசரியைக் காப்பாற்றுவதே முதல் கவலையாகி விடுகின்றது. எது இலகுவானது, யார் தாராளமாகப் புள்ளி வழங்குபவர் என்பன விசாரிக்கப்படுகின்றன. எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு அத்திவாரம் என்பது விசாரிக்கப்படுவதில்லை.

தூய கணிதம் கடினமானது, அதற்குத் தொழில் வாய்ப்பும் இல்லை. கணினியும் புள்ளிவிபரவியலுமே சோறு போடும் என்பது விடுதிகளில் பரம்பரை பரம்பரையாகக் கையளிக்கப்படும் கூற்று. இதில் பாதி உண்மை இருக்கின்றது. பிற்பாதிதான் ஆபத்தானது. புள்ளிவிபரவியலில் முதலாம் வருடத்தைத் தாண்டியதும் தாயங்களும் பல்மாறி நுண்கணிதமும் இன்றி ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியாது. இன்று எல்லோரும் உச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவின் உள்ளே இயங்குவதும் பெருமளவுக்கு இவைதான். வலைப்பின்னலொன்றைப் பயிற்றுவிப்பது என்பது, மாபெரும் தாயங்களைப் பெருக்குவதும், வழுவைக் குறைக்கும் திசையை வகையீட்டின் மூலம் கண்டறிவதுமே. ஏகபரிமாண அட்சரகணிதத்தைக் கடினமென்று தவிர்த்து விட்டுக் கணினித் துறைக்குச் செல்பவர், தவிர்த்த அதே பாடத்தை மூன்றாம் வருடத்தில், அதைக் கற்பிக்க எவருமற்ற நிலையில், மீண்டும் எதிர்கொள்கின்றார்.

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் ‘ஏ’ சித்தி பெற்றவர் கூட முதலாம் வருடத் தூய கணிதத்தைக் கண்டு மிரள்வது ஏன்? பரீட்சையின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றிலும் பத்துச் சிறு வினாக்கள் கட்டாயமானவை. பெரிய வினாக்கள் ஏழில் ஐந்துக்கு விடையளித்தால் போதும். அந்த ‘ஏழில் ஐந்து’ மாணவரின் மனதில் ஆழப் பதிந்து விடுகின்றது. எந்த அலகைக் கைவிடலாம், எதிலிருந்து நிச்சயம் வினா வரும் என்று கணக்குப் போடுவதற்குத் தனியார் கல்வி நிலையங்கள் இரண்டு வருடங்களாகப் பயிற்சியளிக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களை மனனமாகும் வரை செய்வித்தும் விடுகின்றன. பரீட்சையைப் பொறுத்தவரை இது புத்திசாலித்தனமே. அதற்காக மாணவரையோ ஆசிரியரையோ குறை கூறுவதற்கில்லை. ஆயினும், பல்கலைக்கழகத்துக்கு அவர் கணிதத்துடன் சேர்த்துக் கைவிடும் பழக்கத்தையும் கொண்டு வருகின்றார். ஒருகாலத்தில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் உயர்தரத்தில் இரு வேறு பாடங்களாக இருந்தன. 2000ஆம் ஆண்டளவில் பாடங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டபோது அவை இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டு பாடங்களுக்குரிய நேரம் ஒன்றாகச் சுருங்கிய பின்னர் வந்த தலைமுறையினர், விடையைக் கண்டறியும் வேகத்தைக் கொண்டிருந்த போதிலும், நிறுவலோடு போதிய பரிச்சயம் கொண்டிருக்கவில்லை.

நிறுவல்தான் முதலாம் வருடத்தின் உண்மையான எல்லைக்கோடு. ஒன்று, அரை, மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று குறைந்து கொண்டே செல்லும் எண்களை முடிவின்றிக் கூட்டினால் என்ன கிடைக்கும் எனப் புதுமுக மாணவரிடம் வினவினால், உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குவதால் கூட்டுத்தொகையும் ஏதோவோர் எண்ணில் நின்றுவிடும் என்றே பலரும் கூறுவர். உண்மையில் அது எல்லையின்றி வளர்கின்றது. மூன்றிலொன்றும் நான்கிலொன்றும் சேர்ந்தால் அரையை விஞ்சும். ஐந்திலொன்று முதல் எட்டிலொன்று வரையிலான நான்கும் சேர்ந்தால் மீண்டும் அரையை விஞ்சும். இவ்வாறே ஒவ்வொரு கூட்டமும் ஓர் அரையையாவது சேர்த்துக் கொண்டே போகும். இதற்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பொறுமையாகச் சிந்திப்பது மாத்திரமே தேவைப்பட்டது. மெய்ப் பகுப்பாய்வு என்று அஞ்சப்படும் பாடம் இத்தகைய சிந்தனையின் தொடர்ச்சிதான்.

இவ்விடத்தில் மொழியும் குறுக்கிடுகின்றது. விஞ்ஞான பீடங்களின் போதனை மொழி ஆங்கிலம். கணிதத்துக்கு மொழி ஒரு தடையல்ல, குறியீடுகள் எங்கும் ஒன்றுதானே என்று ஆறுதல் கூறுவோர் உளர். கணித்தலுக்கு அது பொருந்தும், நிறுவலுக்குப் பொருந்தாது. ‘ஒவ்வோர் எண்ணுக்கும் அதனிலும் பெரிய எண் ஒன்று உண்டு’ என்பது உண்மை. ‘எல்லா எண்களிலும் பெரிய எண் ஒன்று உண்டு’ என்பது பொய். தமிழில் இவ்வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளையும் உணர்ந்து கொள்ளும். இதே வேறுபாடு, சொற்களின் ஒழுங்கில் மட்டும் மறைந்துள்ள ஆங்கில வாக்கியமாக, கிரேக்க எழுத்துகள் சூழக் கரும்பலகையில் எழுதப்படும்போது, தமிழ்மொழி மூலம் கற்று வந்த மாணவர் தமக்குக் கணிதம் வராது என்ற முடிவுக்கு வந்து விடுகின்றார். அவருக்கு வராதது கணிதமல்ல.

இதன் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றது. மன்னார், முல்லைத்தீவு, அம்பாறை, நுவரெலியா போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இவ்வொதுக்கீடு வாயிலைத் திறந்து விடுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், வாயிலைத் தாண்டியதும் அவர்கள் கொழும்பிலும் யாழ் நகரிலும் பெயர்பெற்ற பாடசாலைகளில் கற்றவர்களோடு ஒரே விரிவுரை மண்டபத்தில், எவ்வித முன்னாயத்தமும் இன்றி அமர்த்தப்படுகின்றனர். கணிதம், விஞ்ஞானம் கற்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலை அருகில் இன்றி, கலை, வர்த்தகப் பிரிவுகளுடன் நின்றுவிடும் 1சி பாடசாலைகளையே அறிந்த கிராமங்கள் எம்மத்தியில் ஏராளம். அங்கிருந்து தட்டுத்தடுமாறி வந்தவரே முதலில் தூய கணிதத்தைக் கைவிடுகின்றார். அவர் பட்டதாரி ஆசிரியராகத் திரும்பிச் சென்றிருக்க வேண்டிய பாடசாலையில் கணித ஆசிரியர் வெற்றிடம் அப்படியே நீடிக்கின்றது. அடுத்த பிள்ளையும் அதே இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும்.

கணிதத்தில் எமக்குப் பாரம்பரியம் இல்லாமல் இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. சுந்தரலிங்கம் பின்னர் அரசியலுக்குச் சென்றார் என்பது பலருக்கும் தெரியும். அவர் கணிதம் கற்பித்தார் என்பது தெரிந்தோர் சிலரே. கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராக இருந்த சி.ஜே. எலியேசரின் கதியும் ஏறத்தாழ அதுவே.

அவ்வாறாயின் புதுமுக மாணவர் எதைத் தெரிவு செய்வது? சிறப்புப் பட்டம் எத்துறையில் அமையினும், நுண்கணிதமும் ஏகபரிமாண அட்சரகணிதமும் முதலாம் வருடத்திலேயே முடிக்கப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. நிறுவலை அறிமுகப்படுத்தும் பாடமொன்று இருப்பின், அதில் ‘பி’ கிடைத்தாலும் ஏனையவற்றின் ‘ஏ’யை விட அது பெறுமதியானது. பௌதிகவியல் நாடுவோர் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தவறவிடலாகாது. இயக்கவியலில் உயர்தரத்திலேயே கைதேர்ந்தவர்கள், தெரிந்ததை மீண்டும் கற்றுப் புள்ளி சேர்க்கும் ஆசையைச் சற்றுக் கட்டுப்படுத்திக் கொள்வது நல்லது. உயிரியல் பிரிவினர் சாதாரண தரத்துடன் கணிதத்துக்கு விடை கொடுத்தவர்கள். அவர்களுக்கென அடிப்படைக் கணிதம் வழங்கப்படும் இடங்களில் அதைத் தண்டனையாகக் கருதாது கற்பாராயின், இறுதி வருட ஆய்வில் தரவுகளோடு பிறரிடம் கையேந்த நேராது.

இன்னொன்றும் உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அதில் விரிவுரை 15 மணித்தியாலங்களே. இரண்டு கிரெடிட் பாடமொன்றுக்கு 70 மணித்தியாலங்களை மாணவர் தாமாகவே செலவிட வேண்டும் என்பது இதன் பொருள். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் சிரேஷ்டர்கள் நடத்தும் ‘குப்பி’ வகுப்புகளால் இதனை ஈடுசெய்ய இயலாது. கணிதத்தில் அறவே இயலாது.

மாணவரை மட்டும் நோக்கிப் புத்தி கூறுவது நியாயமாகாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் விரிவுரையாளர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறியமையால் துறைகள் ஆளணிப் பற்றாக்குறையுடன் இயங்குகின்றன என்பதை நாம் அறிவோம். எனினும், பெரும் செலவின்றிச் செய்யக் கூடியவையும் உள்ளன. எந்தப் பாடத்தைக் கைவிட்டால் எந்தச் சிறப்புப் பட்டத்தின் கதவு மூடப்படும் என்பதை ஒரேயொரு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், பதிவுக்கு முன்னரே மாணவரின் கைக்குக் கிடைக்கச் செய்யலாம். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே மாணவர் காத்திருக்கும் நீண்ட மாதங்களில், நிறுவலையும் கணித ஆங்கிலத்தையும் பழக்கும் குறுங்கால வகுப்புகளை யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, சம்மாந்துறை ஆகிய இடங்களிலுள்ள பீடங்கள் தத்தம் பிரதேசப் பாடசாலைகளில் நடத்தலாம். சிறப்புப் பட்டத் தெரிவில் முதலாம் வருடப் புள்ளிகளுக்கு இப்போது வழங்கப்படும் நிறையைக் குறைத்து, கடினமான பாடத்தைத் துணிந்து எடுத்தவர் தண்டிக்கப்படாதிருக்க வழி செய்வது குறித்துப் பீடச் சபைகள் அடுத்த தொகுதி மாணவர்கள் வருவதற்கு முன்னரே ஆராய வேண்டும்.