மாத்திரை போட்டால் மண்வெட்டி கனக்கிறதா?

மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். மயிலாப்பூரில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை கொடுத்தார்கள். அங்கே தினமும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் அரை மணி நேரம் நடந்தார். ஒரு தொல்லையும் இல்லை. ஊர் திரும்பி வரப்பு வெட்ட இறங்கினால் ஒரு மணி நேரத்தில் கை கால் ஓய்ந்துவிடுகிறது. மாத்திரை பலத்தை உறிஞ்சுகிறதா, நிறுத்திவிடலாமா என்கிறார்.

நிறுத்தவே கூடாது. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பு வரைகூடப் போகும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

ஆனால் அவர் சொல்லும் அசதி உண்மையானது. கன்று ஈன்ற பசு, தின்னும் தீவனம் போதாமல், உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுப்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மனிதர் நீண்ட நேரம் உழைக்கும்போதும் கொழுப்புதான் கரைகிறது. அட்ரினலின் சுரந்து 'பீட்டா' என்ற வாசல்களைத் தட்டும். இதயம் வேகமெடுக்கும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பும், தசைக்குள்ளேயே துளித்துளியாக இருக்கும் கொழுப்பும் எரிபொருளாகும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரொப்ரனலால் எல்லாமே அந்த வாசலை அடைப்பவை. ப்ரொப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் நினைத்தது இதயத்தின் சுமையைக் குறைக்க. கொழுப்பு வரும் மடையும் கூடவே ஓரளவு அடைபடுகிறது.

இதயம் வேகத்தைப் போதிய அளவு கூட்ட முடியாதது அசதிக்கு ஒரு காரணம். இன்னொன்று, தசை சர்க்கரையை அதிகம் நம்பவேண்டி வருவது. கல்லீரலும் தசையும் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய அரைக் கிலோதான். பூங்கா நடைக்கு அது தாராளம். வெறும் டீயைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் மண்வெட்டி பிடித்தால் எப்படித் தாங்கும்? ப்ரொப்ரனலால் தசைச் சர்க்கரை உடைவதையும் தடுக்கக்கூடியது. அதில் அசதி இன்னும் கூடும்.

ஆகவே கூழோ பழைய சோறோ வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான் வயலில் இறங்க வேண்டும். முதல் கால் மணி மெதுவாக வெட்டி, நடுநடுவே கரையேறி ஏதாவது சாப்பிடலாம். நாடி பிடித்து எண்ணுவதில் பயனில்லை, அது வழக்கமான அளவுக்கு ஏறாது. மூச்சு வாங்காமல் பக்கத்து வயல்காரரிடம் பேச முடிகிறதா என்பதே அளவு.

சர்க்கரை நோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. வெயிலில் வேலை செய்பவருக்கு அது எந்த வியர்வை என்று தெரியவா போகிறது? மடியில் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும்.

நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "வாக்கிங் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணி நேரம் மண் வெட்டுகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்பதையும் இந்த விவசாயி சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ வேறு வகை மாத்திரைக்கு மாற்றவோ வழி உண்டு.