கண்ணுக்குத் தெரியாத தூசி

கல்லுடைக்கும் கிரஷரின் அருகே சிறிது நேரம் நின்றவர் எவரும், வெண்புகை போல் எழுந்து தலையிலும் இமையிலும் படிகிற தூசியைக் கண்டு அஞ்சாமல் இரார். ஆயினும் அங்கே கூலிக்கு நிற்கும் மனிதனின் நுரையீரலை ஆண்டுக்கணக்கில் இறுக்கி, சிலிக்கோசிஸ் என்னும் தீராத வியாதியில் அவனைத் தள்ளுவது, பிரத்தியட்சமான அந்தத் தூசியைக் காட்டிலும், அதனூடே மிதக்கும் சூட்சுமத் தூசியே ஆகும்.

பஸ் வேகமாகத் திரும்பும்போது நிற்பவர் ஒரு பக்கம் சாய்வதுபோல, காற்று வளைகிற இடத்தில் பருத்த துகள் தன் பழைய திசையை விடமாட்டாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ள, நுண்துகளோ காற்றோடு வளைந்து போய்விடுகிறது. 10 மைக்ரான் துகளுக்கு இந்தப் பிடிவாதம் 1 மைக்ரான் துகளைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. நம் மூக்கும் தொண்டையும் பெருந்தூசியைத் தடுப்பது இந்த நியாயத்தால்தான். சுமார் 4 மைக்ரானுக்குக் குறைந்தவை அந்தக் காவலைக் கடந்து ஆழத்துக்குச் சென்று தங்குகின்றன. 1945-இல் கே. ஆர். மே என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி, வரவரக் குறுகும் துளைகளின் வழியே காற்றை மேன்மேலும் வேகமாகப் பாய்ச்சி, அடுத்தடுத்த கண்ணாடித் தகடுகளில் பருமன் வாரியாகத் துகள்களைப் படியவைக்கும் கருவியை விவரித்தார். இன்று, தொழிலாளியின் சட்டைக் கழுத்தில் மாட்டக்கூடிய சிறு சைக்ளோன், காற்றைச் சுழற்றிப் பெருந்துகளை ஒதுக்கிவிட்டு, நுரையீரலுக்குள் புகத்தக்கதை மட்டும் வடிதாளில் சேர்க்கிறது.

தண்ணீர் தெளித்தாயிற்றே என்பார்கள். தெளிப்பது அவசியமே, ஆனால் பெரிய நீர்த்துளி விழும்போது அதைச் சுற்றி விலகும் காற்றோடு நுண்தூசியும் விலகித் தப்பிவிடுவதால், தரை நனைந்திருப்பதைக் கொண்டு காற்று சுத்தமென்று தீர்மானிப்பது பெரும்பிழை. சட்டமும் இந்தப் பேதத்தை அறிந்திருக்கிறது: 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, நுரையீரலை எட்டும் தூசிக்கென்றே தனி வரம்பு வகுத்தது, 30 சதவீதம் குவார்ட்ஸ் கலந்த தூசியானால் அது ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 0.3 மில்லிகிராம். இவ்வளவு அற்பமான எடையைக் கண்ணால் மதிப்பிட எந்த அதிகாரிக்கும் சக்தி இல்லை. ஆகையால் கிரஷர் ஒவ்வொன்றிலும், ஆண்டுக்கு ஒரு முறையேனும், ஷிப்டு முழுவதும் அந்தச் சிறு கருவியைத் தொழிலாளியின் கழுத்தருகே மாட்டி அளந்தே தீரவேண்டும் என்பதும், கிடைத்த அளவை அதைச் சுமந்த தொழிலாளிக்கே முதலில் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதும் என் திடமான கோரிக்கை.