வயலைக் களமாக்கலாகாது

நெல்லடிக்கும் களத்தை நாம் எவ்விதம் அமைக்கிறோம்? மண்ணைக் கொத்தி, ஜலம் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, சாணமிட்டு மெழுகுகிறோம். அதில் புல்லும் முளைப்பதில்லை. முளைக்கலாகாதென்பதே நமது நோக்கம். ஆனால், விளைவிக்க வேண்டிய வயலையும் நம்மையறியாமலே அடிமண்ணில் களமாக்கி வருகிறோம் என்பதை மதுரை ஜில்லா மிராசுதார்கள் கவனித்தல் அவசியம்.

1895-ல் பெரியாறு அணை பூர்த்தியாகி, வைகைச் சமவெளிக்கு ஜலம் வரத் தொடங்கியது முதல் இங்கு நெல் சாகுபடி பெருகிற்று. வருஷந்தோறும் ஒரே ஆழத்தில் சேற்றுழவு செய்வதால், சுமார் அரையடிக்குக் கீழே இறுகிய அடுக்கொன்று உண்டாகிறது. ஜலம் கீழிறங்காமல் காப்பதால் அது நெல்லுக்கு அனுகூலமே. ஆகையால், கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலங்களில் அதை உடைக்கும்படி நாம் சொல்லவில்லை. மேலூர், திருமங்கலம் முதலிய ஒருபோகப் பகுதிகளில் நெல்லுக்குப் பின் பயறும் பருத்தியும் பயிரிடுவோருக்கோ அவ்வடுக்கே சத்துரு. வேர் கீழிறங்காமல் பக்கவாட்டில் திரும்புகிறது. பயிர் சில நாள் வெயிலுக்கே வாடுகிறது. கரிசல் கோடையில் தானே வெடித்து ஓரளவு இளகும்; செம்மண் காயுந்தோறும் இறுகும்.

இந்நிலையில், ஈரம் வற்றாத வயலில் பல டன் எடையுள்ள அறுவடை இயந்திரத்தை இறக்குவது பெருந்தவறு. இயந்திரம் விட்டுச் செல்லும் தாளைத் தீயிட்டுக் கொளுத்துவது அதனினும் தவறு. மண்ணை இளக்கவல்ல பொருளையும், அதிலுள்ள தழைச்சத்தையும் ஒருங்கே புகையாக்குகிறோம்.

பரிகாரம் அரிதன்று. ஈரப்பதமுள்ள நாளில் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். அரையடியில் தடைப்பட்டால் நோய் விளங்கிவிடும். கோடையில் மண் நன்கு உலர்ந்தபின், உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், ஒன்றரையடி ஆழத்திற்குக் குறுக்கும் நெடுக்குமாய் உழ வேண்டும். ஈரத்தில் உழுதால் மண் பிளவாது. கோடு மட்டுமே விழும். பின்பு ஏக்கருக்கு 5 டன் தொழுவெரு இடுவதும், கிடை அமர்த்துவதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் நன்று. இரண்டு மூன்று வருஷங்களுக்கொருமுறை இங்ஙனம் ஆழ உழுதால் போதும். எருவிடாமல் உளிக்கலப்பையை மட்டும் நம்புவோர் நிலம் விரைவில் மீண்டும் இறுகும்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்னரே ஜலத்தை வடித்துவிட வேண்டும். ஆனால், மேல்வயல் ஜலம் கீழ்வயலில் பாயும் ஊரில் இதைத் தனியொருவர் செய்தல் இயலாது. மடைவாரியாக வடிப்பு நாளையும் இயந்திரம் வரும் நாளையும் குறித்துக் கொடுப்பதற்குக் கிராம உத்தியோகஸ்தர்களே முன்வர வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இயந்திரம் நாளையே அடுத்த ஊருக்குப் போய்விடுமென்ற அவசரத்தில் ஒரு நாளில் அமுக்கிய மண்ணை, இளக்கி எடுக்கப் பல வருஷங்கள் செல்லும். களம் ஊருக்கு ஒன்றிருந்தால் போதும். வயல் வயலாகவே இருக்கட்டும்.